'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலைக் கதைச்சுருக்கம் ஆகாமல் எப்படி ஆராய்வது?

கேள்வி: டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலின் இலக்கியக் கூறுகளை ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, நோக்குநிலை, குறியீடு என்று தலைப்புப் போட்டு எழுதிப் பார்த்தேன். கடைசியில் கதைச்சுருக்கமாகவே வந்து நிற்கிறது. எப்படி அணுகுவது?

பதில்:

அந்தத் தலைப்புகளை முதலில் அழித்துவிடுங்கள். 'கதைப்பின்னல்' என்று தலைப்புப் போட்ட உடனே கை தானாகக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும், அது யாருக்கும் நடப்பதுதான்.

நான் வேறு வழியில் போவேன். ஆசிரியர் எடுத்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு, இதை வேறு மாதிரி செய்திருந்தால் கதையில் எது போயிருக்கும் என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் ஆய்வு வந்துவிடும். பதிலே கிடைக்காத இடங்களை விட்டுவிடலாம், எல்லாக் கூறுகளையும் தொட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தக் குறுநாவல் 1886-இல் வெளியானது, மொத்தம் 12 அத்தியாயங்கள். இவான் இலியிச் என்ற நீதிபதி நோயில் விழுந்து சாவதுதான் கதை. கேட்க வேண்டிய முதல் கேள்வி கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது: சாவைத் தலைப்பிலேயே சொல்லி, முதல் அத்தியாயத்திலேயே ஆளைப் பாடையில் கிடத்திவிட்டு, அப்புறம் ஏன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்?

'வாசகர் இனி என்ன ஆகும் என்று கேட்காமல் எப்படி ஆனது என்று கேட்கிறார்' என்பது வழக்கமான பதில். சரிதான், ஆனால் முடிவை முதலில் சொல்லும் எந்தக் கதைக்கும் இது பொருந்தும். இந்தக் கதைக்கு மட்டும் உரிய பதில் வேறொன்று இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் துக்கம் விசாரிக்க வந்த பழைய நண்பர் பியோத்தர் இவானோவிச்சிடம், விதவையான பிரஸ்கோவ்யா சொல்கிறாள்: கடைசி மூன்று நாளும் விடாமல் கத்தினார். சொல்லிவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்த தான் எவ்வளவு அவதிப்பட்டேன் என்று புலம்புகிறாள். 12-ஆம் அத்தியாயம் அதே மூன்று நாள் கதறலோடுதான் தொடங்குகிறது. இந்தத் தடவை நாம் கத்துகிறவருக்குள் இருக்கிறோம். கறுப்புச் சாக்குக்குள் யாரோ திணிப்பது போலவும், உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் திணறுவது போலவும் அவருக்கு இருக்கிறது. 'நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன்' என்ற பிடிவாதமே அவரைப் போகவிடாமல் தடுக்கிறது.

ஒரே மூன்று நாள், கதவுக்கு வெளியே இருந்து ஒரு முறை, உள்ளே இருந்து ஒரு முறை. நடந்த வரிசையிலேயே சொல்லியிருந்தால் கடைசியில் அவர் காணும் வெளிச்சத்துக்குப் பிறகு சவ அடக்கச் சடங்கு வரும், கதை அங்கே சப்பென்று போகும். சடங்கை முன்னால் வைத்ததால் இரண்டு காரியம் நடக்கிறது. கதை வெளிச்சத்தில் முடிகிறது. அந்த வெளிச்சத்தால் வெளியே ஒருவர்கூட மாறவில்லை என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இறந்தவரின் முகத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கான ஓர் எச்சரிக்கையைப் பார்க்கிறார் பியோத்தர் இவானோவிச். அது தனக்குச் சம்பந்தமில்லாதது என்று பட, அங்கிருந்து நகர்ந்து, பிறகு நேரே சீட்டாடப் போய்விடுகிறார். கட்டுரையில் கதைப்பின்னல், நோக்குநிலை, நகைமுரண் மூன்றும் இந்த ஒரு பத்தியிலேயே வந்துவிட்டன பாருங்கள். தனித்தனித் தலைப்புக்கு வேலையே இல்லை.

அடுத்து, ஒரு சின்னக் காட்சியை எடுத்து நுணுக்கமாகப் பாருங்கள். நான் எடுப்பது அந்த விதவை பேசும் காட்சியைத்தான். பியோத்தர் இவானோவிச் ஸ்பிரிங் கெட்டுப்போன ஒரு தாழ்வான மெத்தை இருக்கையில் உட்காருகிறார். பிரஸ்கோவ்யாவின் கறுப்புச் சால்வையின் பின்னல் மேசையின் செதுக்கு வேலைப்பாட்டில் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட அவர் எழுந்தால், பாரம் நீங்கிய ஸ்பிரிங் துள்ளி அவரைத் தள்ளுகிறது. அவளே எடுக்க ஆரம்பித்ததும் உட்காருகிறார். முழுதாக விடுபடவில்லை என்று மறுபடி எழுகிறார், இருக்கை மறுபடி துள்ளி ஓசை எழுப்புகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் கைக்குட்டையை எடுத்து அழத் தொடங்குகிறாள். அழுகையின் முடிவில் பேச்சு எங்கே வந்து நிற்கிறது? கணவர் இறந்ததற்கு அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி உண்டா என்பதில்.

இந்தக் காட்சியை 'அங்கதம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பாதி போய்விடும். துக்கத்துக்குரிய பாவனைகள் எல்லாம் இங்கே சரியாகவே நடக்கின்றன. பெருமூச்சு இருக்கிறது, கையைப் பிடிப்பது இருக்கிறது. நடிப்புக்கு ஒத்துழைக்காதது அந்த இருக்கை ஒன்றுதான். 'இவர்கள் பொய்யாக அழுகிறார்கள்' என்று டால்ஸ்டாய் எழுதவே இல்லை, அதை ஸ்பிரிங்கிடம் விட்டுவிட்டார். இறந்தவர் ஆசை ஆசையாக அலங்கரித்த வரவேற்பறை அது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வீட்டுக்குத் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறியபோதுதான் கால் வழுக்கி, விலாவில் அடிபடுகிறது. நோய் அங்கிருந்து தொடங்குகிறது. களம் என்ற கூறுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நடையைப் பற்றி எழுத இரண்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள். பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம், அதற்குப் பிறகு 17 ஆண்டுகள், எல்லாம் அந்த ஒரே அத்தியாயத்தில் ஓடிவிடுகின்றன. ஓட்டத்தின் நடுவே ஒரு வாக்கியம் வருகிறது. புது ஊருக்கு மாற்றலாகிப் போனது, சம்பளம் கூடினாலும் வீட்டுச் செலவும் கூடியது, இதற்கு மேல் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், குடும்ப வாழ்க்கை அவருக்கு இன்னும் கசந்தது. குழந்தைகளின் சாவும் விலைவாசியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கதைசொல்லி அந்த இடத்தில் இவான் இலியிச்சின் தலைக்குள் இருந்தபடிதான் கணக்குப் போடுகிறார். இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று அரைப்பக்கம் விளக்கத் தேவையில்லை, அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் சக நீதிபதிகள் மரணச் செய்தியைப் படித்ததும் யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு 800 ரூபிள் கூடும் என்று மனக்கணக்குப் போடுவதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அவரும் அவர்களில் ஒருவர்தான். இறந்தவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்.

காலமும் இந்த நடையோடு சேர்ந்தே மாறுகிறது. முதலில் ஆண்டுகள், பிறகு மாதங்கள், வாரங்கள், கடைசியில் மணிக்கணக்கு. அத்தியாயங்களும் போகப்போகக் குட்டையாகின்றன. மூச்சு வாங்குவது போல இருக்கும். இதை ஒரு பத்திக்கு மேல் நீட்டாதீர்கள், வாசித்தாலே தெரிகிற விஷயம்.

மருத்துவர் காட்சியைக் கண்டிப்பாக விடாதீர்கள். எனக்கு ஆபத்தா இல்லையா என்று இவான் இலியிச் கேட்கிறார். மருத்துவருக்கு அது பொருத்தமில்லாத கேள்வி. சிறுநீரகமா, குடலா என்பதுதான் அவருக்கு வழக்கு. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களை, தான் எந்த முகத்தோடு பார்த்தாரோ அதே முகம் இப்போது தன்னைப் பார்ப்பதை இவான் இலியிச் கண்டுகொள்கிறார். பாத்திரப் படைப்பு என்ற தலைப்பில் குணங்களை அடுக்குவதைவிட, நாற்காலிகள் இடம் மாறிய இந்த ஒரு காட்சியை எழுதினால் போதும்.

குறியீடு விஷயத்தில் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கறுப்புச் சாக்கு என்றால் மரணம், வெளிச்சம் என்றால் மீட்சி என்று அகராதி போல எழுதினால் நாவல் செத்துவிடும். நான் எடுப்பது இவான் இலியிச்சின் கடிகாரச் சங்கிலிப் பதக்கத்தைத்தான். சட்டப் படிப்பு முடித்ததும் அதை வாங்கி மாட்டிக்கொள்கிறார். முடிவை நினைத்துப் பார் என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. சாகும் வயது 45. அதுவரை அந்த வாசகம் அவருக்கு வெறும் அலங்காரம். தர்க்கப் பாடத்தில் படித்த 'மனிதர் எல்லாரும் சாகக்கூடியவர்கள், காயுஸ் மனிதன், ஆகவே காயுஸ் சாகக்கூடியவன்' என்பது ஆறாம் அத்தியாயத்தில் அவருக்கு நினைவு வருகிறது. காயுஸுக்கு அது சரி, ஆனால் நான் காயுஸ் இல்லையே, சின்ன வயதில் அந்தக் கோடு போட்ட தோல் பந்தின் வாசனை காயுஸுக்குத் தெரியுமா என்று மனசு முரண்டு பிடிக்கிறது. பதக்கத்தையும் பந்தையும் அருகருகே வைத்து எழுதிப் பாருங்கள்.

ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புக்கு இரண்டு வரி போதும். துலா நகர நீதிமன்றத்தில் இருந்த இவான் இலியிச் மெச்னிக்கோவ் என்பவர் 1881-இல் இறந்ததுதான் கதைக்குத் தூண்டுதல். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய உயிரியலாளர் இலியா மெச்னிக்கோவின் அண்ணன் அவர். சுவையான தகவல்தான், ஆனால் இதை வைத்துப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

அப்புறம், பாராட்டிக்கொண்டே போகாதீர்கள். எனக்கு இந்த நாவலில் கெராசிம் உறுத்துகிறான். எஜமானரின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் வீட்டு வேலைக்கார இளைஞன். பொய் சொல்லாத ஒரே ஆள். மற்ற எல்லாரையும் அவர்களுடைய சம்பளம், சீட்டாட்டம், உடுப்பு வரை காட்டும் டால்ஸ்டாய், இவனுக்கு மட்டும் ஒரு சலிப்பு, ஒரு கோபம், ஒரு சொந்த ஆசைகூடக் கொடுக்கவில்லை. எளிய உழைப்பாளி நல்லவன் என்ற டால்ஸ்டாயின் நம்பிக்கை இங்கே பாத்திரத்தை விழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கடைசி வெளிச்சம் மீது எனக்கு அந்தக் குறை இல்லை. மகன் அழுதபடி கையை முத்தமிடும் அதே கணத்தில்தான் அது வருகிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாகத் தெரியவில்லை.

நீங்கள் எழுதத் தொடங்கும்போது முதல் அத்தியாயத்தையும் 12-ஆம் அத்தியாயத்தையும் மட்டும் அடுத்தடுத்து ஒரு முறை படித்துவிட்டு, அந்த மூன்று நாட்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். மற்றவற்றை அதிலிருந்து விரித்துக்கொள்ளலாம். கெராசிம் விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாவிட்டால் ஏழாம் அத்தியாயத்திலிருந்து வரிகளைக் காட்டி மறுத்து எழுதுங்கள், அதற்கும் அங்கே போதுமான ஆதாரம் இருக்கிறது.