மந்திரவாதியின் கோபுரமும் கல் சுமந்தவனும்

வணக்கம் சார்,

ரெயின்போ என்ற ராக் குழுவின் 'ஸ்டார்கேசர்' பாட்டை, டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பக்கத்தில் வைக்க வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். எட்டரை நிமிடம். மந்திரவாதி, கோபுரம், நட்சத்திரம் என்று குழந்தைகளைத் தூங்க வைக்கிற கதை. அவ்வளவு நல்ல பாட்டு என்றால் எங்கள் கல்லூரியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களில் ஒருத்தனாவது வாசித்திருக்க மாட்டானா? உங்கள் இளமைக்கால ஞாபகத்தைப் பாட்டின் தரம் என்று நினைக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாசகர், ராணிப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் இல்லை. கடைசிச் சந்தேகம் எனக்கும் உண்டு, அதற்கு வருகிறேன்.

முதலில் கிட்டார். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ஆரம்பத்தை, கிட்டார் வாங்கி ஒரு வாரமான பையன்கூட வாசித்துவிடுவான். அதன் புகழில் பாதி அதனால் வந்தது. இரண்டுக்கும் கிட்டார்க்காரர் ஒருவரேதான், ரிச்சி பிளாக்மோர். 1975-இல் டீப் பர்ப்பிளை விட்டு வந்து ரெயின்போவைத் தொடங்கியவர், கிட்டார் அலுத்துப்போய், வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் மாதிரியான செல்லோ பழகிக்கொண்டிருந்தார். ஸ்டார்கேசரின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரி, அந்தச் செல்லோவில் பிறந்தது. வில்லை இழுக்கிற கனம் அதில் இருப்பது காதுக்கே தெரியும். நடுவில் வரும் சோலோவின் ஸ்வரங்கள் நம் வகுளாபரண ராகத்துக்குப் பக்கத்தில் போகும். கர்நாடக இசை கேட்கும் என் நண்பர் ஒருவரிடம் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். "யார் இது, நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவனா?" என்றார்.

கோஸி பவலின் டிரம்ஸ் தனியாகப் பாட்டைத் திறந்து வைக்கும். பின்பகுதியில் ம்யூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு சேர்ந்துகொள்ளும். 1976-இல் வந்த 'ரைசிங்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மொத்தமே இரண்டு பாட்டு, அதில் இது முதலாவது.

அப்புறம் ஏன் பிரபலமாகவில்லை? நீளம் என்று முன்பு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டும் எட்டு நிமிடம்தான், அதை உலகமே கேட்டது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ஆள் மாற்றுவதில் பிளாக்மோர் மன்னன். 'ரைசிங்' ஆல்பத்தில் இருந்த ஐந்து பேர் கூட்டணி ஸ்டுடியோவில் செய்தது இந்த ஒரே ஆல்பம். பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவும் விலகி பிளாக் சபாத் குழுவுக்குப் போனார். 1979-இல் 'சின்ஸ் யூ பீன் கான்' பாட்டு வந்து ரெயின்போ வானொலிக்கு ஏற்ற பாட்டுக் குழுவாகிவிட்டது. பெற்றவர்களே வீடு மாறிப் போய்விட்டால் பிள்ளையை யார் விசாரிப்பார்கள்?

சரி, கதை. நீங்கள் குறைத்துச் சொன்ன இடத்தில்தான் எனக்கு உங்களோடு சண்டை. மந்திரவாதி ஒருவன் உயரத்திலிருந்து நட்சத்திரத்துக்குப் பறக்கப் போகிறான். அதற்காக அடிமைகள் கல்கோபுரம் கட்டுகிறார்கள். ஆனால் பாடுவது யார்? கல் சுமப்பவன். ஒன்பது வருடம் முதுகு ஒடிந்தவன். உச்சிவெயிலில் தண்ணீருக்காக உயிரையே விற்கத் தயாராக இருக்கிறவன். சாட்டையையும் சங்கிலியையும் சொல்லிக்கொண்டே, மந்திரவாதி பறந்துவிடுவான் என்று உள்ளூர நம்பவும் செய்கிறான். கடைசியில் மந்திரவாதி ஏறிக் குதிக்கிறான். பறக்கவில்லை, விழுகிறான். மணலில் ரத்தம். இனி நாம் எங்கே போவது என்று கேட்டுக்கொண்டு கூட்டம் நிற்கிறது. டியோவின் குரல் அதன்பிறகு அடங்குவதே இல்லை, இசைக்குழுவுக்கு மேலே ஏறிக் கதறிக்கொண்டே போய் மங்கும். மந்திரவாதியும் அரக்கனும் ஹார்ட் ராக்கில் ஏராளம். அவர்களுக்குக் கல் சுமந்தவனுக்கு எட்டரை நிமிடம் கொடுத்த பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இப்போது ஞாபக விஷயம். மலையடிவாரத்தில் எங்கள் வீடு. அக்னி நட்சத்திர வெயிலில் பழைய துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஜல்லி உடைப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேலூர்க் கோட்டையை நாயக்கர் கட்டினார் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அகழியை ஒட்டி நிற்கும் அந்தக் கருங்கற்களைத் தூக்கியவர் எவர் என்று எந்தக் கேள்வித்தாளிலும் வரவில்லை. அதனால் இந்தப் பாட்டு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டியோ வேலூரைப் பார்த்து எழுதவில்லையே.

இன்னொன்று. எனக்கு இந்த ஆல்பம் கிடைத்தது, பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிட கேசட்டில். முப்பத்துச் சொச்சம் நிமிட ஆல்பத்தைக் கடைக்காரர் ஒரே பக்கத்தில் திணித்துவிட்டார். ஸ்டார்கேசர் முழுதாக வந்தது. அடுத்த பாட்டான 'எ லைட் இன் தி பிளாக்' ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து டக் என்று நின்றுவிடும். அந்தப் பாட்டு இதே கதையின் தொடர்ச்சி, விடுதலையான அடிமை வீட்டுக்குத் திரும்பும் பாட்டு என்பது சிடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை பத்துப் பன்னிரண்டு வருடம், என் கணக்கில் அந்த ஆள் மணலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இயர்போன் வேண்டாம், வீட்டில் ஆள் இல்லாத மதியமாகப் பார்த்து ஸ்பீக்கரில் போடுங்கள். பிடிக்காவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.