ஒய்டூகே பயம்: கம்பெனிகள் சொன்னதும் சொல்லாததும் (கேள்வி பதில்)

ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பதிந்துவைத்த கம்ப்யூட்டர்கள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் தப்புக் கணக்குப் போடும் என்ற பயம்தான் ஒய்டூகே (Y2K). 1998, 99-ல் அமெரிக்காவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தில் இருந்து சில பதில்கள்.

ஐயா, இரண்டு இலக்கத்துக்கா இவ்வளவு பயம்?

ஆமாம். 1965-ல் பிறந்தவருக்கு வெறும் 65 என்றே பதிந்திருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் 00-வில் இருந்து 65-ஐக் கழித்தால் மைனஸ் 65. கழித்தல் குறிக்கு அந்தக் கட்டத்தில் இடம் விடவில்லை என்றால் குறி உதிர்ந்து 65 மட்டும் நிற்கும். 35 வயதுக்காரர் ஒரே இரவில் 65 ஆகிவிடுவார். மெஷின் நிற்காது, எச்சரிக்காது. பிரீமியம் மட்டும் தப்பாக வரும்.

பங்குதாரர்களிடம் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்ததா சார்?

இருந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998 ஆகஸ்டில் தெளிவாகவே கேட்டது: வேலை எந்த மட்டில் இருக்கிறது, செலவு எவ்வளவு, ஆபத்து என்ன, மாற்று ஏற்பாடு என்ன. செலவுக்குக் கம்பெனிகள் தொகை போட்டுவிட்டன. ஆபத்து என்று வந்ததும், "கரண்ட் போனால், போன் போனால்" என்று வெளியாரைக் கைகாட்டியவர்களே அதிகம். சொந்த வீட்டு ஓட்டையை எழுதக் கை வரவில்லை.

ஏன் மழுப்பினார்கள்?

வழக்குப் பயம்தான். உங்கள் சிஸ்டம் தயாரா என்று எங்களுக்குச் சரக்கும் சேவையும் தருகிற எல்லோருக்கும் கடிதம் போட்டோம். பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வாசகம்: "எல்லா முயற்சியும் எடுத்துவருகிறோம்." வக்கீல் எழுதிய பதில் அது, புரோகிராமர் எழுதியதல்ல. 1998 அக்டோபரில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் பின்னால் தப்பாகிப்போனாலும் சொன்னவரைக் காத்தது. ஆனால் ஆணையத்துக்குத் தரும் அறிக்கைகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டதால் மக்கள் டப்பா உணவு, தண்ணீர், ஜெனரேட்டர் என்று வாங்கிக் குவித்தார்கள். பணத்தை மொத்தமாக எடுக்க வருவார்களோ என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 5,000 கோடி டாலர் நோட்டுகளைக் கூடுதலாகத் தயார் செய்தது. மக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் நேராகப் பதில் சொல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லையே அண்ணா, எல்லாம் ஏமாற்றா?

இல்லை தம்பி. திருத்தியதால்தான் பெரிதாக நடக்கவில்லை. தப்பிய இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனைக் கம்ப்யூட்டர், 2000 பிறந்ததும் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. நான் மேலே சொன்ன அதே வகைப் பிழை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை இருக்குமா என்று தாயின் வயதையும் வைத்துக் கணிக்கும் பரிசோதனையில் 154 பெண்களுக்குத் தவறான முடிவு போனது. மாதக்கணக்கில் யாருக்கும் அது தெரியவில்லை.