சிவனொளிபாதமலை ஏறியவன் டிசம்பரில் ஃபூஜி ஏறலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது: "சிவனொளிபாதமலை இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். டிசம்பரில் ஜப்பானில் இருப்பேன். ஃபூஜி உச்சிக்குப் போய்வர முடியுமா? ஊர் திருகோணமலை."

தம்பி, நானும் திருகோணமலைதான், கொஞ்சக் காலம் ஜப்பானில் வேலை செய்தவன். டிசம்பரில் வேண்டாம். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது புறாத்தீவுக்குப் படகு கேட்டால் நிலாவெளியில் உங்களை எப்படிப் பார்ப்பார்களோ, அங்கேயும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இலங்கையில் நம்ம சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீட்டர். ஃபூஜியின் யோஷிதா பாதையில் பஸ் இறக்கிவிடுகிற ஐந்தாம் நிலையமே ஏறத்தாழ 2,300 மீட்டர். நாங்கள் ஏறி முடித்த உயரத்தில்தான் அங்கே ஏறவே தொடங்குகிறார்கள். உச்சி 3,776 மீட்டர். ஆகஸ்டிலேயே அங்கே சராசரி 6 பாகைதான், ஜனவரியில் உறைநிலைக்கும் 18 பாகை கீழே. வாடைக்காற்றுக்கே போர்வை தேடுகிற ஆட்கள் நாங்கள்.

ஆனால் குளிரைவிட மோசம் காற்றும் சறுக்கலும். தனியாக நிற்கிற எரிமலை, ஐந்தாம் நிலையத்துக்கு மேலே ஒதுங்க மரம் கிடையாது. விழுந்த பனி பகலில் இளகி, இரவில் இறுகி, மேலே காற்றும் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான கட்டியாகிவிடும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பற்களே சில இடங்களில் சரியாகக் குத்தாது. கால் வழுக்கினால் சரிவு ஒரே சீராகக் கீழே இழுக்கும், எட்டிப் பிடிக்க ஒன்றும் இராது. 2019 அக்டோபர் கடைசியில் ஒருவர் தான் ஏறுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டே போய், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னே சறுக்கி விழுந்தார். பிறகு உடல்தான் கிடைத்தது. அது அக்டோபர், குளிர்காலம்கூட இல்லை.

சரி, ஏப்ரலில் வெயில் வந்துவிடுமே என்றால், அப்போது வேறு தொல்லை. மழை பெய்தால் இளகிய பனி மண்ணையும் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். பனி பிடித்து வைத்திருந்த கற்கள் வெயில் ஏற ஏறக் கழன்று உருளும். 2025 ஏப்ரலில் ஒரு மாணவரை ஹெலிகொப்டரில் மீட்டார்கள். மேலே விட்டுவந்த போனை எடுக்க நாலு நாளில் திரும்பப் போனாராம், இன்னொரு முறை மீட்க வேண்டிவந்தது!

கோடை பாதுகாப்பு என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். ஜப்பானிலேயே ஒன்டாகே எரிமலை 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது பனி இல்லை, நல்ல வெயில், சனிக்கிழமை மத்தியானம், எச்சரிக்கையும் ஆகக் குறைந்த நிலையில். உச்சியில் கூட்டம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அக்டோபரில் பனிக்காலம் நெருங்கியதும் தேடுதலையே நிறுத்த வேண்டியதாயிற்று. பனிப்பாறைகள் உள்ள எரிமலை என்றால் கதை வேறு: அமெரிக்காவின் ரெய்னியரில் 1981 ஜூனில் பனிப்பாறை சரிந்து 11 பேர் இறந்துபோனார்கள்.

டிசம்பரில் ஃபூஜி அடிவாரத்துக் கவாகுச்சி ஏரிக்கரைக்குப் போங்கள், மலை தெளிவாகத் தெரிகிற காலம் அதுதான். ஏறத்தான் வேண்டுமென்றால் ஜூலை தொடங்கி செப்டம்பர் 10க்குள். 2025இல் கட்டணம் 4,000 யென். மலைவிடுதியில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், அது இல்லாதவர்களை அந்த ஆண்டு பிற்பகல் 2 மணிக்குப் பிறகு யோஷிதா வாசலில் உள்ளே விடவில்லை.