வைத்தியசாலைக் கட்டடத்துக்கு ஏன் இத்தனை தொழில்நுட்பக் குழுக்கள்? ஒரு பொறியியலாளர் போதாதா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலைக்குப் புது மாடி கட்டுகிறார்கள். நீர், மருத்துவ வாயு, காற்றோட்டம், மின்சாரம் என்று நாலு பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறார்கள். கட்டடப் பொறியியலாளர் ஒருவரே பார்க்கக் கூடாதா?

பார்க்க முடியாது. நீங்கள் நோயாளர் நலன்புரிச் சங்கத்திலோ நிர்வாகத்திலோ இருந்துகொண்டு, இன்னொரு கூட்டமா என்ற அலுப்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அலுப்பு நியாயம்தான். ஆனால் வைத்தியசாலையில் பெரிய பிழைகள் இரண்டு பேருடைய வேலைக்கு நடுவிலேதான் விழுகின்றன.

கூரைத் தாங்கியைக் கழுவிக் குளோரின் இடுவதை எடுங்கள். 5000 லீற்றர் தாங்கிக்கு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 250 கிராம் குளோரின் வேண்டும். 35 சதவீத வெளிற்றும் தூள் என்றால் ஏறக்குறைய 715 கிராம். ஒரு மணித்தியாலம் நிற்கவிட்டு, வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, கடைசிக் குழாய் வரை அளந்து பார்க்க வேண்டும். பராமரிப்புப் பகுதி இதைச் சரியாகச் செய்துவிடும். ஆனால் அதே தாங்கியிலிருந்து குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) பிரிவுக்கும் ஒரு குழாய் போகிறது. அங்கே ஒரு நோயாளிக்கு நாலு மணித்தியாலத்தில் சுமார் 120 லீற்றர் நீர் செலவாகும். குடிநீரில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் நல்லது. குருதிச் சுத்திகரிப்புக்குப் போகும் நீரில் மொத்தக் குளோரின் 0.1ஐத் தாண்டக் கூடாது. அதை நீக்கும் கரி வடிகட்டி தீர்ந்துபோயிருந்தால் குளோரின் கடந்து போய்ச் செங்குருதிக் கலங்களை உடைக்கும். தூள் போட்டவரும் தாதியும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். முதல் நாளே ஒருவர் மற்றவருக்கு அறிவித்துக் கையொப்பம் வாங்க வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் இல்லை. நீர்ப் பாதுகாப்புக் குழு எழுதி வைக்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

வட அயர்லாந்தில் 2011 டிசம்பருக்கும் 2012 ஜனவரிக்கும் இடையில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா தொற்றி நாலு குழந்தைகள் இறந்தன. கைகழுவும் குழாய்களில் கிருமி இருந்தது. அதன் பிறகு, 2013இல் வந்த இங்கிலாந்து வழிகாட்டல்தான் நீர்ப் பாதுகாப்புக் குழுவை வற்புறுத்தியது.

‘இங்கிலாந்துக் கணக்கை இங்கே கொண்டுவராதே’ என்று சிலர் கீழே எழுதுவீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லாக் கிருமி தண்ணீரில் 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் பெருகும்; ஆகவே குளிர்நீரை 20 பாகைக்குக் கீழே வை என்பது அவர்களின் விதி. எங்கள் கூரைத் தாங்கியில் அது ஒரு நாளும் நடக்காது. அப்படியென்றால் இங்கே பாதுகாப்பு எது? தண்ணீரில் எஞ்சி நிற்கும் குளோரின், தாங்கிக்கு நிழல், தேவைக்கு மேல் பெரிய தாங்கி வைக்காமை, தண்ணீர் தேங்காத குழாய் வழி. பாவிக்காத குழாய்களை வாரத்துக்கு இரண்டு தடவையாவது திறந்துவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் ஒரு நிமிடம். சுடுநீர் தாங்கியில் 60 பாகை இருக்க வேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரில் சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் வால்வும் குளிக்கும் பூவாளியும் படிவு கட்டி இறுகிவிடும். கிருமிக்கு அந்தப் படிவே குடியிருப்பு. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுவது என்பதை இந்தத் தண்ணீரை அறிந்தவர்களும் நுண்ணுயிரியல் நிபுணரும் ஒரே மேசையில் இருந்துதான் முடிவெடுக்க வேண்டும். கைகழுவும் தொட்டியில் மிஞ்சிய தேநீரையோ சேலைனையோ ஊற்றக் கூடாது என்பதைப் பொறியியலாளர் எந்த வரைபடத்தில் எழுதுவார்? அதற்கு வாட்டுத் தாதி குழுவில் இருக்க வேண்டும்.

மருத்துவ வாயுவில் மருந்தாளரும் வேண்டும். செப்புக் குழாயை ஒட்டும்போது உள்ளே நைதரசன் ஓடவிடாவிட்டால் கரி போன்ற செப்பு ஒட்சைட்டு உதிர்ந்து வால்வை அடைக்கும். வேலை முடிந்ததும் ஒரு வாயுவுக்கு மட்டும் அமுக்கம் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் வெறுமையாக்கி, ஒவ்வொரு முனையையும் திறந்து பார்க்க வேண்டும். ஒட்சிசன் முனையில் வேறு வாயு வருகிறதா என்பதை முதலில் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகு ஒட்சிசனின் சதவீதத்தை அளக்க வேண்டும்: சிலிண்டர் என்றால் 99க்கு மேல், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கும் செறிவாக்கி இயந்திரம் என்றால் 90க்கும் 96க்கும் இடையில். குழாய் பொருத்தியவரே இந்தக் கடைசிக் கையொப்பத்தைப் போடக் கூடாது.

காற்றோட்டத்தில் ஒன்று மட்டும். சுவர்க் குளிரூட்டி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும். அது காற்றோட்டம் ஆகாது. அறையின் முழுக் காற்றும் மணித்தியாலத்துக்கு 22 தடவை மாற வேண்டும் என்றால், 6 மீற்றருக்கு 6, உயரம் 3 உள்ள சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மணிக்கு 2376 கன மீற்றர் காற்று வேண்டும். அந்தக் கணக்குக்குக் காற்றுக் குழாய் போக உட்கூரைக்கு மேல் இடம் இருக்கிறதா என்பதை, கொங்கிறீற்றுப் பலகம் போட முன்னமே கேட்க வேண்டும்.

மின்சாரத்தில், சத்திரசிகிச்சை விளக்கும் உயிர்காக்கும் கருவிகளும் 0.5 செக்கனுக்குள் மீள வேண்டும், ஆகவே பற்றரி. மற்ற அவசியத் தேவைகளுக்கு மின்பிறப்பாக்கி 15 செக்கனுக்குள் வர வேண்டும். சுமை கொடுக்காமல் வெறுமனே ஓட்டிப் பார்ப்பதைப் பரிசோதனை என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனத்தாங்கல்தான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் அள்ளிக் கொடுக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இயந்திரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க ஆள் இருக்கிறது. அதன் வடிகட்டிக்கும் வருடாந்தப் பரிசோதனைக்கும் காசு கேட்டால் ஆள் இல்லை. குழுவின் சம்மதம் இல்லாமல் எந்த நன்கொடை இயந்திரத்தையும் பொருத்த விடாதீர்கள்.

குழுவில் பணிப்பாளரின் அதிகாரம் உள்ள ஒருவரும், எதையும் விற்காத, வெளியிலிருந்து வரும் நிபுணர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அறையைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்லும் உரிமையைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு வால்வின் இடமும் குறித்த, கட்டி முடித்தபடியான வரைபடம் கைக்கு வரும்வரை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் பணத்தை விடுவிக்க வேண்டாம்.