பதில்: செக்‌ஷன் மனப்பாடம், பிராப்ளம் கேள்வியில் மட்டும் மார்க் இல்லை

தம்பி, பாளையங்கோட்டையில லா ரெண்டாம் வருஷம், செக்‌ஷன் எல்லாம் தலைகீழாத் தெரியும், பிராப்ளம் கேள்வியில (ஒரு சம்பவத்தைக் கொடுத்து எந்தச் சட்டம் பொருந்தும்னு கேக்குறது) மட்டும் பத்துக்கு மூணுதான் வருதுன்னு எழுதியிருக்கீங்க. கோளாறு படிப்புல இல்ல, பயிற்சியில.

திருட்டையே எடுத்துக்கிடுங்க. இப்ப நடப்புல இருக்குற குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 303(1)-ஐ அஞ்சா உடைங்க: நேர்மையற்ற நோக்கம், அசையும் பொருள், இன்னொருத்தர் கைவசம், சம்மதமின்மை, நகர்த்தியது. இப்ப ஒரு கதை: அம்பாசமுத்திரத்துல ஒருத்தர் பக்கத்து வயல்ல வாழைத்தாரை வெட்டிட்டுப் போறார். 15 நிமிஷம், புத்தகத்தை மூடிட்டு, அஞ்சுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதுங்க. தார் மரத்துல தொங்குறவரை அது அசையும் பொருள் இல்ல, வெட்டின பிறகுதான். இந்த வரியை எழுதாம நேரா "குற்றவாளி"ன்னு முடிக்கிறதாலதான் மார்க் போகுது.

அடுத்து ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாத்துங்க. தன் எல்லைன்னு உண்மையாவே நம்பி வெட்டியிருந்தா? நோக்கம் அடிபடும். அரிவாளைக் காட்டி மிரட்டி எடுத்தா? 309, கொள்ளை. குத்தகைக்காரர் வெட்டி வச்ச தாரை நிலச் சொந்தக்காரரே தூக்கிட்டுப் போனா? இங்க கணக்கு கைவசம்தான், பாதிப் பேர் வழுக்குற இடம் இது.

கூட்டாளிகிட்ட தாளை மாத்தி, எதிர்த்தரப்பா வாதாடச் சொல்லுங்க. ஒப்பந்தச் சட்டத்துக்கும் இதே முறை: வாங்குறவர் வயசை 19-லருந்து 17 ஆக்குங்க, மைனர் ஆயிருவார், விடையே புரண்டுரும்.

பழைய கைடு வச்சிருந்தா ஜாக்கிரதை. புதுச் சட்டம் 1.7.2024-லருந்துதான்; சம்பவம் அதுக்கு முந்தினதுன்னா திருட்டுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 378, 379-தான். கேள்வியில தேதியை முதல்ல வட்டம் போட்டுக்கிடுங்க.