ஜெபித்தும் ஒன்றும் நகராத காலத்தில் கர்த்தரை எப்படி நம்புவது?

வேலை போய்விட்டது, வீட்டில் நோயாளி வேறு, ஜெபித்தும் பதில் இல்லை, இதில் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் அந்தச் சுமையை இறக்கி வையுங்கள்.

வேதத்தில் எரேமியா 29:11 நமக்கெல்லாம் மனப்பாடம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதன் முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். 70 வருஷம் என்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம் கர்த்தர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபியுங்கள் என்கிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று முந்தைய அதிகாரத்தில் சொன்னவன் அனனியா என்ற தீர்க்கதரிசி. கேட்க இதமாக இருந்தது, ஆனால் பொய்.

எங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், அடுத்த ஈஸ்டருக்குள் அப்பா எழுந்து நடப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா நடக்கவில்லை. அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் இல்லை. காலையில் அப்பாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவார்கள், சின்ன டவலைச் சுருட்டி உள்ளங்கையில் வைப்பார்கள். "ஆண்டவரே, ஏன் இப்படின்னு எனக்குப் புரியல. இன்னைக்கு மட்டும் பெலன் தாரும்." அவ்வளவுதான் ஜெபம். நான் பார்த்ததிலேயே பெரிய விசுவாசம் அதுதான்.

எரேமியா 32-ஐ நிதானமாக வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று பிரசங்கித்ததுதான் குற்றம். அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கைக்குப் போகப்போகிற தேசத்தில் நிலம்! கர்த்தர் வாங்கச் சொன்னதால் எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தில் முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பதற்கு அது அடையாளம்.

எல்லாம் முடித்த பிறகுதான் அவர் ஜெபம் வருகிறது. உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தொடங்கி, நகரமே போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று முடிகிறது. புரியாமையும் கீழ்ப்படிதலும் ஒரே ஆளிடம், ஒரே நாளில். அந்த நிலத்தில் அவர் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் இல்லை. நகரம் விழுந்தது, அப்புறம் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் கர்த்தர் சொன்னபடியே ஜனங்கள் திரும்பி வந்தார்கள்.

ஆகவே நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் நம்ப முடியும் என்றில்லை. இன்று செய்ய வேண்டியதை அவரை நோக்கியபடி செய்யுங்கள். அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள், மருந்தை வேளைக்குக் கொடுங்கள், கடன்காரருக்கு உண்மையைச் சொல்லுங்கள். கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதம் கேட்கிறது. 88-ம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அது ஜெபம்தான், வேதத்தில் இருக்கிறது.

ராத்திரியெல்லாம் தூக்கமே வராமல் மனசு அடைத்துக்கொண்டால் டாக்டரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டுகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்திருந்தும், கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி.