விபத்தில் கொட்டும் ரத்தம்: எதை, எப்போது, எவ்வளவு? – கேள்வி பதில்

கடும் ரத்தப்போக்கு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்: வணக்கம் டாக்டர். எங்கள் பிரஸ் ஷாப்பில் கை சிக்கும் ஆபத்து உண்டு. முதலுதவிப் பெட்டியில் டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தக் கையையோ காலையோ சுற்றி இறுக்கும் பட்டை) வைக்கலாமா? அதைக் கட்டினால் கையே போய்விடும் என்கிறார்களே?

தாராளமாக வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. அந்தப் பயத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. ஈராக் போரின்போது பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 232 பேரிடம் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. டூர்னிக்கெட் கட்டியதால் கையோ காலோ இழந்தவர் அதில் ஒருவரும் இல்லை. அதிர்ச்சி நிலைக்கு (ரத்தமிழந்து உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் எட்டாத நிலை) போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான்.

காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே கட்ட வேண்டும். முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் கட்டக்கூடாது. காயம் எங்கே என்று தெரியாவிட்டால் சட்டைக்கு மேலேயே, அக்குளுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்டுங்கள். பட்டையில் உள்ள குச்சியைத் திருகுவதற்கு முன்பே, பட்டைக்கு அடியில் விரல் நுழையாத அளவுக்கு இழுத்து இறுக்கிவிட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். தளர்வாக விட்டுவிட்டுத் திருகினால் சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தப்போக்கு முன்பைவிட அதிகமாகும். ரத்தம் நின்று, மணிக்கட்டில் நாடியும் மறையும் வரை திருகுங்கள். வலி கடுமையாக இருக்கும். அடிபட்டவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரே கழற்றப் பார்ப்பார். ஒன்று போதவில்லை என்றால் அதற்கு மேலே ஒட்டினாற்போல் இரண்டாவதைக் கட்டுங்கள்.

கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் தசைக்கும் நரம்புக்கும் சேதம் கூடிக்கொண்டே போகும். ஆனால் அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை. கால் மணிக்கு ஒருமுறை தளர்த்தச் சொல்லும் பழைய பாடத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தளர்த்தலிலும் அவர் ரத்தத்தை இழக்கிறார்.

அதே அலுவலர்: பட்டை கைவசம் இல்லையென்றால் பெல்ட், கயிறு?

கயிறும் ஒயரும் சதையை அறுக்கும், தமனியை அடைக்காது. பெல்ட்டைத் திருக வராது. துப்பட்டா அல்லது துண்டை 4, 5 செ.மீ. அகலத்துக்கு மடித்து, உடையாத ஸ்பேனர் ஒன்றைச் செருகித் திருகலாம். ஆனால் கையில் கிடைத்ததைக் கொண்டு போடும் கட்டு பல நேரம் தோற்றுவிடும். அதைத் தேடும் நேரத்தில் இன்னொருவர் இரு கைகளாலும் காயத்தை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

இல்லத்தரசி: காபித்தூள், மஞ்சள் வைத்தால் ரத்தம் நிற்கும் என்கிறார்களே டாக்டர்?

வேண்டாம் அம்மா. கீறலில் ரத்தம் தானாகவே நிற்கும், பெயர் தூளுக்குப் போகும். பீய்ச்சி அடிக்கும் ரத்தத்தில் தூள் கரைந்து ஓடிவிடும், ஓட்டை எங்கே என்பதும் தெரியாமல் போகும். பிறகு அதைக் கழுவி எடுப்பதும் பெரும்பாடு. சுத்தமான துணியும் உங்கள் உடல் எடையும் போதும்.

108 அவசர மருத்துவ நுட்புநர்: சார், தொடை இடுக்கில் குத்து. அங்கே டூர்னிக்கெட் போட முடியாது. என்ன செய்வது?

திணிக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு ரத்தம் வரும் புள்ளியைக் கண்டுபிடித்து அழுத்துங்கள். அந்த விரலை எடுக்காமல் அதன் பக்கமாகவே ரோல் காஸை (சுருளாக வரும் கட்டுத்துணி) உள்ளே செலுத்தி, குழி நிறைந்து மேலே மேடு தட்டும் வரை திணியுங்கள். பிறகு முழு எடையையும் கொடுத்து அழுத்துங்கள்: ரத்தம் உறையவைக்கும் காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரண காஸ் என்றால் குறைந்தது 10 நிமிடம். இடையில் தூக்கிப் பார்க்கவே கூடாது. மேலோட்டமாகக் காஸை அடுக்கி வைத்தால் அது ரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது. நெஞ்சிலும் வயிற்றிலும் திணிக்கக்கூடாது. அங்கே கசியும் ரத்தத்துக்கு மருந்து அறுவை அரங்கம்தான், ஆகவே வண்டியை எடுங்கள்.

அதே நுட்புநர்: பிரஷர் 80 இருந்தால் சலைனை வேகமாக விடலாமா?

ஹூஸ்டனில் உடற்பகுதியில் குத்து, குண்டுக் காயம் பட்ட 598 பேரிடம் 1994-இல் வெளியான ஆய்வு, உடனே சலைன் விட்டவர்களில் 62 சதவீதமும், அறுவை அரங்கு வரை நிறுத்தி வைத்தவர்களில் 70 சதவீதமும் பிழைத்ததாகக் காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அழுத்தம் ஏறினால் அப்போதுதான் பிடித்த உறைவு பிய்த்துக்கொள்ளும். சலைன் உறைவுக் காரணிகளை நீர்த்துப்போகச் செய்யும், உடலைக் குளிர்விக்கும், அமிலத்தன்மையைக் கூட்டும். மேல் அழுத்தம் 80–90 இருந்து, ஆள் கேள்விக்குப் பதில் சொன்னால் அது போதும். அதற்குக் கீழே போனால் 250 மி.லி. கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூளைக்கு ரத்தம் போக வேண்டும், எனவே 110-க்குக் குறைய விடாதீர்கள். ஈரத்துணியை அகற்றிக் கம்பளி போர்த்துவதும் ரத்தப்போக்குக்கான சிகிச்சைதான். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ரத்தம் ஒழுங்காக உறையாது.

அவசரப் பிரிவு செவிலியர்: டாக்டர், டிரனெக்சாமிக் ஆசிட் (ரத்த உறைவு கரைந்துபோகாமல் தடுக்கும் மருந்து) யாருக்கு, எப்படி? சிலர் மறுநாள்கூடப் போடச் சொல்கிறார்கள்.

சிஸ்டர், ஆய்வு தெளிவாகப் பேசும் இடம் இது. 40 நாடுகளில் 20,211 காயமுற்றவர்களைச் சேர்த்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் வந்தது. மொத்த இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. மறு ஆண்டு வந்த அலசல்தான் இன்னும் முக்கியம். முதல் மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ரத்தப்போக்கால் இறந்தோர் 5.3 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 7.7. ஆனால் 3 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது மருந்து பெற்ற குழுவில் 4.4, பெறாத குழுவில் 3.1. ஆக, தாமதமான மருந்து கெடுதலாகவே முடிந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலனில் சுமார் 10 சதவீதம் கரைகிறது என்று 2018-இல் வந்த தொகுப்பு கணக்கிட்டது. மறுநாள் போடும் ஊசியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அளவு: 1 கிராம், அதாவது 500 மி.கி. ஆம்பூல் இரண்டு, 100 மி.லி. சலைனில் கலந்து 10 நிமிடத்தில். அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில் மெல்ல ஏற வேண்டும். அவசரத்தில் சிரிஞ்சால் ஒரே தள்ளாகத் தள்ளினால் பிரஷர் சரியும், அதை ரத்தப்போக்கின் விளைவு என்று தவறாகப் படித்துவிடுவோம். ரத்தம் ஏறும் அதே குழாயில் கலக்காதீர்கள். நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது இரண்டாவது டோஸ். நோயாளி ஸ்கேனுக்கும் தியேட்டருக்கும் நகரும்போது அது மறந்துபோகிறது. முதல் டோஸ் ஏறும்போதே இரண்டாவதைத் தயாரித்துக் கட்டிலிலேயே தொங்கவிடுங்கள்.

பயிற்சி மருத்துவர்: சார், பேக்டு செல் (ரத்தச் சிவப்பணு), பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் 1:1:1 என்று சம அளவில் ஏற்றுவது உண்மையிலேயே நிரூபிக்கப்பட்டதா? எங்களுக்குப் பெரும்பாலும் பேக்டு செல் மட்டும்தான் கிடைக்கிறது.

முதலில் ஆதாரத்தின் தரத்தைப் பாருங்கள். 2007-இல் ராணுவத் தரவில் பிளாஸ்மா நிறையப் பெற்றவர்களில் இறப்பு 19 சதவீதம், குறைவாகப் பெற்றவர்களில் 65. பிரமிப்பான வித்தியாசம், ஆனால் உள்ளே ஒரு பொறி இருக்கிறது. உறைந்த பிளாஸ்மாவை உருக்க அரை மணி ஆகும். அதற்குள் இறந்தவர்கள் எல்லோரும் தானாகவே ‘குறைவாகப் பெற்றவர்கள்’ ஆகிவிடுகிறார்கள். எனவே 680 பேரை வைத்து அமெரிக்க, கனடிய மையங்கள் முறையான சோதனை நடத்தின. 2015-இல் வந்த அந்த பிராப்பர் ஆய்வில் 1:1:1 குழுவில் 30 நாள் இறப்பு 22.4 சதவீதம், பேக்டு செல் இருமடங்கான 1:1:2 குழுவில் 26.1. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் அல்ல. ஆனால் முதல் 24 மணியில் ரத்தமிழந்தே இறந்தவர்கள் 9.2-க்கு எதிராக 14.6. இது உறுதியானது. என் முடிவு: விகிதத்தைத் துல்லியமாகப் பிடிப்பதைவிட, பிளாஸ்மா முதல் மணியிலேயே தொடங்குவது முக்கியம். பேக்டு செல்லை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஹீமோகுளோபின் அழகாக இருக்கும், ரத்தம் உறையாது.

நம் ஊர்க் கணக்கில் 6 பேக்டு செல், 6 பிளாஸ்மா, சாதாரண ரத்தப் பைகளிலிருந்து பிரித்த 6 பிளேட்லெட் பை. எந்திரத்தில் ஒரே கொடையாளரிடம் எடுத்த பிளேட்லெட் என்றால் ஒரு பை அந்த ஆறுக்குச் சமம். ரத்த வங்கிக்கு ‘அவசரம்’ என்று எழுதாமல், எத்தனை பை, எத்தனை நிமிடத்தில் என்று போனில் சொல்லுங்கள்.

கால்சியத்தை மறக்காதீர்கள். பைகளில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் உறைவுச் சங்கிலி ஓடாது, இதயமும் தளரும். 10 சதவீத கால்சியம் குளோரைடு 10 மி.லி.யில் 6.8 மில்லிமோல் இருக்கிறது. அதே அளவு குளுக்கோனேட்டில் சுமார் 2.2 மட்டுமே, ஆகவே மூன்று ஆம்பூல் தேவை. குளோரைடு சிரைக்கு வெளியே கசிந்தால் தோல் அழுகும், நல்ல பெரிய சிரை பார்த்துக் கொடுங்கள்.

மருத்துவ மாணவர்: சமீபத்திய பெரிய ஆய்வுகள் பலவும் பலன் இல்லை என்கின்றன. எல்லாம் வீணா?

வீண் இல்லை. கிரயோஸ்டாட்-2 (2023) ஆய்வில் 1,604 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு கிரயோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, உறைவுப் புரதம் செறிந்த பொருள்) சேர்த்துப் பார்த்தும் இறப்பு குறையவில்லை: கிரயோ குழுவில் 25.3 சதவீதம், இல்லாத குழுவில் 26.1. ஆனால் கிரயோ உடலுக்குள் போகவே நடுக்கணக்காக 68 நிமிடம் ஆனது. அதற்குள் இறக்க வேண்டியவர்கள் இறந்துவிட்டார்கள். பெருந்தமனிக்குள் பலூன் ஊதி அடைக்கும் முறையைச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு (2023, 90 பேர்) இன்னும் கடுமையான பாடம். பலூன் குழுவில் 90 நாள் இறப்பு 54 சதவீதம், இல்லாத குழுவில் 42. பலூன் வைக்கும் வேலை அறுவையைத் தள்ளிப்போடக்கூடும் என்பது வலுவான விளக்கம்.

பேட்ச் ஆய்வை (2023) கவனமாகப் படியுங்கள். ஆம்புலன்ஸிலேயே டிரனெக்சாமிக் ஆசிட் கொடுத்ததில் 28 நாள் இறப்பு 21.8-லிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல செயல்நிலையில் இருந்தவர்கள் இரு குழுவிலும் ஏறக்குறைய சமம், 53.7, 53.5. கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் கடும் ஊனத்தோடு பிழைத்தார்கள். அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடும்பத்தாரிடம் பேசும்போது அதை மறைக்கவும் கூடாது.

மகப்பேறு செவிலியர்: பிரசவ ரத்தப்போக்கிலும் இதே டிரனெக்சாமிக் ஆசிட்தானா?

ஆம், முதல் 1 கிராம் 3 மணி நேரத்துக்குள். அரை மணி கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு 1 கிராம். 2017-இல் வெளியான, 20,060 பெண்களைக் கொண்ட வுமன் ஆய்வின் முறை இது. ஆனால் இரைப்பை, குடலில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு 12,009 பேரைக் கொண்ட ஹால்ட்-இட் ஆய்வில் பலன் இல்லை, சிரை உறைவுதான் கூடியது. அங்கே பழக்கத்தில் எழுதாதீர்கள். பிரசவ அறையில் மருந்துக்கும் முந்தியது அளவு. கண்ணால் மதிப்பிட்டால் குறைத்தே சொல்வோம். கோடு போட்ட சேகரிப்புப் பையை விரித்து, 500 மி.லி. தொட்டதும் கருப்பை அழுத்தல், ஆக்சிடோசின், டிரனெக்சாமிக், டிரிப், பரிசோதனை ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கிய இ-மோட்டிவ் ஆய்வில் (2023) கடும் பாதிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6-ஆக இறங்கியது.

108 நுட்புநர்: கடைசியாக ஒன்று சார். இடுப்பெலும்பு உடைந்தால் பெல்ட்டை எங்கே கட்டுவது?

பேண்ட் பெல்ட் போடும் உயரத்தில் கட்டுவதுதான் வழக்கமான தவறு, அது மிக மேலே. தொடையின் வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் கட்ட வேண்டும். மடித்த போர்வையாலும் கட்டலாம். பாதங்களை உள்பக்கம் திருப்பி இரு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள். உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அசைத்துப் பார்க்காதீர்கள், சந்தேகம் வந்தாலே கட்டிவிடுங்கள்.